கண்ணாடியில் தண்ணீர் தெரியாதபோது

பதிப்பாளர் வந்த அன்று மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நான்கு நாளாக நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கொடியில் போட்ட துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. பாய்லர்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அவருக்கு அதுதான் வேலை. அந்தச் சுவரில் எத்தனை விரிசல், எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

கதவைத் தட்டிய ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய ஒரு தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சார், பாய்லர்காரர் வீடு இதுதானே?"

"நான்தான்."

"அப்பாடா! மூணு தெரு சுத்திட்டேன் சார். தப்பா ஒரு பல் டாக்டர் வீட்டுக் கதவத் தட்டி, அந்தம்மா என்னப் பிடிச்சு நாற்காலியில உக்காரவே வெச்சுட்டாங்க. எந்திரிச்சு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

பாய்லர்காரர் சிரிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னார். வந்தவர் உட்கார்ந்தபிறகுதான் ஹெல்மெட்டின் ஞாபகம் வந்து கழற்றினார்.

"நான் தொழில் புத்தகம் போடறவன் சார். பம்பு ரிப்பேரு, மோட்டாரு சுத்தறது, வெல்டிங்கு, இப்படி. எங்க கம்பெனி பேர நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. யாருமே கேள்விப்பட்டதில்ல. எங்க வீட்லயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"சொல்லுங்க."

"இது பாய்லர் ஓட்டறவங்களுக்கான கையேடு. லைசென்ஸ் பரிட்சைக்குப் படிக்கறவங்க வாங்குவாங்க. எழுதினவரு காலேஜ் வாத்தியாரு. நல்லாப் படிச்சவரு, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா பாய்லர் பக்கத்துல நின்னு வேர்வை சிந்துனவரு இல்ல. அதான், அனுபவஸ்தர் ஒருத்தர் படிச்சுப் பாத்துத் தப்பு இருந்தா குறிச்சுக் குடுத்தா நல்லாருக்கும்னு. ஒவ்வொரு பாடத்துக்குக் கீழயும் அனுபவக் குறிப்புனு நாலு வரி. பரிட்சை ஆபீஸ்ல கேட்டேன், உங்களத்தான் சொன்னாங்க. இருபத்தாறு வருஷத்துல ஷிப்டு நடுவுல ஒரு தடவகூட நெருப்ப அணைக்காத ஆளுன்னு."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பாய்லர்காரரின் முகம் சுருங்கியது. வந்தவர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார்.

"பணம்னு ஒண்ணும் தர முடியாது சார். மறைக்க விரும்பல. ரெண்டு பிரதி தருவேன், ரெண்டாம் பக்கத்துல உங்க பேரு போடுவேன். வேற வழியில்ல."

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிப்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பதிப்பாளருக்குத் தெரியாமலா இருக்கும்? தொழிலே அதுதானே. ஆகவே தாள்கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இவர் இன்னொரு வார்த்தை பேசுவதற்குள் படியிறங்கிவிட்டார்.

பாய்லர்காரர் இடது கையால் பிளாஸ்டிக்கைப் பிரித்தார். வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி இறுகியிருந்தன. தோல் வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. முதல் தாளில் பாடங்களின் பட்டியல். ஆறாவது பாடத்தின் தலைப்பு: தண்ணீர் மட்டம் குறைதல். அதற்குமேல் படிக்காமல் மூடிவைத்தார்.

விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்துவைத்துச் சொல்ல இது துப்பறியும் கதை இல்லை.

அவர் வேலை பார்த்தது ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் பாய்லர் அறையில். கூடவே மனைவியின் தம்பியும் இருந்தான். வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அவனுக்கு வீட்டில் குடுக்கை என்று பெயர். அவசரக்குடுக்கை என்பதில் அவசரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கூப்பிட்டார்கள். பஸ் நிற்பதற்குள் குதிப்பான், ஆறுவதற்குள் டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான், கல்யாண வீட்டில் பெண் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. மட்டம் ரொம்பக் குறைந்தால் அலறுவதற்கு ஒரு மணியும் உண்டு. அந்த மணி காரணமில்லாமலும் அலறும். அலறினால் மேலேயிருந்து மானேஜர் போன் பண்ணுவார். அதனால் மணியின் நாக்கில் கந்தல் துணி சுற்றியிருந்தது. மூன்று ஷிப்டு ஆட்களுக்கும் தெரிந்த ரகசியம் அது. யார் சுற்றியது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அன்று கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை. எவ்வளவு நேரமாகத் தெரியவில்லை என்றும் தெரியவில்லை. முதலில் பார்த்தது குடுக்கைதான். "மாமா, தண்ணி தெரியல. நெருப்ப அணைச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு சுவிட்சை நோக்கிப் போனான். செய்ய வேண்டியது அதுதான். வறண்டு சிவந்துபோன இரும்பில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று இருபத்தாறு வருட அனுபவக்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நெருப்பை அணைத்தால் மெஷின்கள் நிற்கும், மறுபடி நீராவி ஏறப் பாதி ஷிப்டு போகும், மானேஜர் இறங்கி வருவார், துணியைப் பார்ப்பார். இருபத்தாறு வருடமாக அணைக்காதவர் என்ற பெயரும் போகும். "கைய எடுடா. எனக்கே சொல்லித் தர்றியா? தண்ணியத் தொற" என்றார். அவன் தயங்கினான். இவர் கத்தினார். அவன் வால்வைத் திறந்தான்.

பாய்லர் வெடித்தது. நீராவிக்குள்ளிருந்து அவனை இழுக்கப் போனதில்தான் கை வெந்தது. இழுத்துக்கொண்டு வந்தார். உயிர் வரவில்லை.

விசாரணையில் மூன்று பேர் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கைக்கட்டோடு இவர் இந்தப்பக்கம். "நான் அணைக்கத்தான் சொன்னேன். அவன் அவசரப்பட்டுத் தண்ணியத் தொறந்துட்டான்." இந்த ஒரு வரிதான். இரண்டாவது கேள்வி வரவில்லை. குடுக்கையைத் தெரிந்த எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பக்கத்து ஊரிலிருக்கும் அவனுடைய அம்மாகூட, "அவன் சின்னதுலேருந்தே அப்படித்தானே மாப்பிள்ளை. நீங்க என்ன பண்ணுவீங்க, சாப்பிடுங்க" என்று இவருக்கு ஆறுதல் சொன்னாள். மகனைப் பறிகொடுத்தவள் இவருக்கு ஆறுதல் சொன்னாள். அன்றைக்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

மனைவி வேலை முடிந்து வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சீருடை தைக்கும் கூடத்தில் காலர் வைப்பவள். நாள் முழுக்கக் குனிந்து தைத்ததில் கழுத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"பஸ்ஸுல ஒரு பையன். நிக்கறதுக்குள்ள குதிக்கறான். நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன். நம்ம குடுக்கை மாதிரியே. இதுங்களுக்கெல்லாம் பெத்தவங்க முகம் ஞாபகம் வராதா?" என்றவள் மேசையைப் பார்த்தாள். "இது என்ன?"

"புத்தகக் கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்தாரு. பாய்லர் புத்தகமாம். தப்பு பாத்துக் குடுக்கணுமாம். ஓசியில."

"ஓசியிலயா? ஆளப் பாத்துத்தான் வந்திருக்காரு."

"அதான். நாளைக்குத் திருப்பிக் குடுத்துடப் போறேன்."

அவள் சோற்றை வைத்து, வெங்காயம் போட்டு முட்டையைக் கிளறினாள். இவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுகையில் அவள் எப்போதும்போல் வேறு எதையாவது பார்ப்பாள். இன்று தாள்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் குடுக்காதீங்க."

"ஒரு பைசா வராது."

"இப்ப மட்டும் என்ன கொட்டுது? அந்தச் சுவரப் பாக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுத்தாங்களா?"

"என்னால எழுத முடியாதே."

"நான் எழுதறேன். நீங்க சொல்லுங்க. பத்தாவதுல என் கையெழுத்தப் பாத்து டீச்சரே மூக்குல விரல வெச்சாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். கல்யாணமான நாள்லேருந்து கேக்கறேன்."

அவள் சிரித்தாள். தாள்களைப் புரட்டி, பட்டியலில் விரலை ஓட்டி, ஆறாவதில் நிறுத்தினாள். சிரிப்பு போய்விட்டது.

"இதுல தம்பியப் பத்தி எழுதலாங்க."

அவர் ஸ்பூனை வைத்தார்.

"என்ன பாக்கறீங்க? அனுபவக் குறிப்புனு போட்டிருக்கே. கண்ணாடியில தண்ணி தெரியாதப்ப ஒருத்தன் அவசரப்பட்டுத் தண்ணியத் தொறந்தான், செத்தான்னு போடுங்க. படிக்கறவன் ஒருத்தனாவது பொழைச்சுக்கட்டும். அவன் செத்ததுக்கு அந்தப் பிரயோஜனமாவது இருக்கணும்ல?"

"எனக்கு இஷ்டமில்ல."

"ஏன்?"

"இஷ்டமில்லன்னா இல்ல. விடு."

அவள் தட்டைக் கழுவப் போனாள். கழுவுகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் அவர் ஆறாம் பாடத்தைப் படித்தார். படிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இருபத்தாறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? மூன்றாவது பக்கத்தில் அந்த வரி இருந்தது. 'கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் குறைந்தாலோ, முற்றிலும் தெரியாமல் போனாலோ, இயக்குபவர் உடனடியாகத் தண்ணீர் வால்வைத் திறந்து மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.' குறைந்தால் சரி. தெரியாமல் போனால்? வாத்தியார் இரண்டையும் ஒரே வரியில் கட்டிப்போட்டிருந்தார். மேசைமுன் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பாய்லர்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தாள்கட்டோடு கிளம்பினார்.

பதிப்பகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மரப்படி, ரப்பர் நாற்றம். ஒரே அறை. விற்காத புத்தகங்களை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, அதையே மேசையாக வைத்துக்கொண்டிருந்தார் பதிப்பாளர். "பம்பு புத்தகம் சார், கால் மாதிரி உறுதியா நிக்குது" என்று சொல்லி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்.

"எனக்குத் தோதுப்படாது. ஆனா ஆறாம் பாடத்துல ஒரு வரி தப்பு. அத மட்டும் மாத்திடுங்க" என்று பாய்லர்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொன்னார்.

பதிப்பாளர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். "எனக்கு இது புரியாது சார். வாத்தியார்கிட்ட சொல்லணும். வாயால சொன்னா அவரு கேக்க மாட்டாரு. போன புத்தகத்துல ஒரு கமா எடுத்ததுக்கே மூணு மாசம் பேசல. யாரு சொன்னா, என்ன ஆதாரம்னு கேப்பாரு. நீங்க எழுத்துல குடுங்க. இப்படிப் பண்ணி இன்ன இடத்துல இன்னது நடந்ததுன்னு உங்க அனுபவமா, உங்க பேருல. அப்ப அவரு வாயத் தொறக்க முடியாது."

"அப்படிக் குடுக்கலன்னா?"

"அப்படியே அச்சுக்குப் போகும் சார். வர்ற வாரம் தேதி குடுத்திருக்காங்க. தள்ளினா அச்சகத்துல என்னக் கழட்டி விட்டுடுவாங்க." அவர் டீயை உறிஞ்சினார். "பரிட்சைக்கு வேற புத்தகம் நம்ம மொழியில இல்ல. பசங்க இதத்தான் வரி விடாம மனப்பாடம் பண்ணுவாங்க."

டீ ஆறிப்போனது. பாய்லர்காரர் குடிக்கவில்லை. மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் போய்விடலாம், அந்த வரி அச்சாகும், எங்கோ ஒருவன் அதைப் படித்துத் தண்ணீரைத் திறப்பான். விசாரணையில் சொன்னதையே எழுதிக் கொடுக்கலாம். அப்போது வரி திருந்தும், ஆனால் குடுக்கை புத்தகத்திலும் ஒருமுறை சாவான், தன் தப்பால் செத்தவனாக, இவர் பேருக்குக் கீழே. மூன்றாவது வழியை நினைத்ததும் மனைவியின் முகம் வந்தது. தாள்கட்டை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூறலில் வீட்டுக்கு நடந்தார்.

"எழுதலாம்" என்றார் அன்று மாலை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து பேனாவை எடுத்தாள்.

நான்கு மாலைகள் அப்படிப் போயின. அந்த நான்கு நாளும் நன்றாகத்தான் இருந்தன, அதுதான் கொடுமை. அவள் வாசிப்பாள், இவர் கண்ணை மூடிக் கேட்பார், நிறுத்தச் சொல்வார். "இங்க தப்பு. சாம்பல அள்ளறதுக்கு முன்னாடி காத்தை மூடணும்." "ஏன் மூடணும்?" "மூடலன்னா மீசை பொசுங்கும்." "அத அப்படியே எழுதட்டுமா?" "எழுது, வாத்தியாருக்கு மீசை இருந்தா புரியும்." அவள் குலுங்கிச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. இத்தனை நாள் அவர் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே இப்போதுதான் தெரிகிறது என்றாள். காலர் கூடத்தில் போய்ப் பெருமையும் அடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் புத்தகம் திருத்தறாரு" என்றதும், சூப்பர்வைசர் அம்மா அவளுக்கு ஒரு பழைய அட்டைப் பலகை கொடுத்தாளாம், வைத்து எழுத.

ஐந்தாம் பாடம் முடிந்த இரவு அவர் தூங்கவில்லை. பக்கத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயமாக இருந்தது. பாய்லர் முன்னால் நிற்கும்போதுகூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் மேசையில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல் விட்டபாடில்லை. ஆறாம் பாடத்தை வாசித்துக்கொண்டே போனவள் மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"ஐயையோ, தெரியாமப் போனாலும் தண்ணி விடச் சொல்றாரே! இப்படி விட்டுத்தானே நம்ம தம்பி போனான்?"

"ஆமா. அத அடிச்சிடு. இப்படி எழுது. 'கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் தண்ணீர் விடக் கூடாது. முதலில் நெருப்பை அணை. எல்லாரையும் வெளியே அனுப்பு. தானாக ஆறவிடு.'"

எழுதினாள். "அனுபவக் குறிப்பு?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எழுது. ஒரு ஆலையில கண்ணாடியில தண்ணி தெரியாமப் போச்சு. மணி அடிக்கல. மணியோட நாக்குல துணி சுத்தியிருந்தது."

"துணியா? இத நீங்க சொன்னதே இல்லயே."

"எழுதும்மா. உதவியாளர்தான் மொதல்ல பாத்தாரு. நெருப்ப அணைச்சுடறேன்னு சொல்லிட்டு அணைக்கப் போனாரு."

"இது வேற எங்கயோ நடந்ததா? தம்பியோடத எழுதலாம்னுதானே சொன்னேன்?"

"எழுது. மூத்த ஆபரேட்டர் அவரத் தடுத்தாரு. கைய எடு, தண்ணியத் தொறன்னாரு. உதவியாளர் தயங்கினாரு. ஆபரேட்டர் கத்தினாரு. அதுக்கப்புறம்தான் அவரு தொறந்தாரு."

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. வாக்கியத்தை முழுதாக முடித்துப் புள்ளி வைத்த பிறகுதான் நின்றது.

"யாரு அந்த ஆபரேட்டர்?"

அவர் எதிர்வீட்டுச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களத்தான் கேக்கறேன். யாரு?"

"நான்தான்."

அவள் எழுதியதை மறுபடி படித்தாள். உதடு அசைய, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு வார்த்தையாக. படித்து முடித்துவிட்டு, "அவன் அணைக்கப் போனானா?" என்றாள்.

"போனான்."

"அவசரப்படல?"

"இல்ல. அன்னிக்கு நிதானமா இருந்தது அவன் ஒருத்தன்தான்."

"எட்டு மாசமா தெனமும் அவனத் திட்டிட்டிருக்கேன்" என்றாள். குரல் ஏறவே இல்லை. "பஸ்ல எவனாவது குதிச்சா அவனத் திட்டினேன். பால் பொங்கினா அவனத் திட்டினேன். நீங்க இந்த நாற்காலியில உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"சொல்லணும்னு..."

"பேசாதீங்க."

எழுந்து உள்ளே போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை, போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. கிளம்பிப் போய்விடுவாள் என்று நினைத்தார். பையை எடுக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஆனால் அவள் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாடம் முடியல. மீதியச் சொல்லுங்க."

சொன்னார். உதவியாளர் இறந்தார் என்பதுவரை சொன்னார். விசாரணையில் ஆபரேட்டர் பொய் சொன்னார் என்பதையும் அவளே கேட்டு வாங்கி எழுதினாள். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. முடித்துத் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, மற்றப் பாடங்களோடு சேர்த்து ஓரமாக வைத்தாள். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. மணியில துணி சுத்தினதுலேருந்து."

"அதான் எழுதியாச்சே."

"அது புத்தகத்துக்கு. இது அம்மாவுக்கு."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மணி அடிக்கவில்லை என்றார். துணி என்றார். உதவியாளர் என்று அவர் சொன்ன இடத்தில் அவள் கேட்காமலேயே 'உங்க பையன்' என்று எழுதினாள். நெருப்பை அணைக்கப் போனதை எழுதினாள்.

"மூத்த ஆபரேட்டர் அவரத் தடுத்து..."

பேனா நின்றது.

"மூத்த ஆபரேட்டர்னா அம்மாவுக்கு யாருன்னு தெரியாது. 'உங்க மாப்பிள்ளை'ன்னு சொல்லுங்க."

"நீயே போட்டுக்கயேன்."

"நீங்க சொல்லுங்க."

அவள் தாளைப் பார்த்தபடி, பேனாமுனையை ஊன்றிக் காத்திருந்தாள்.

"உங்க மாப்பிள்ளை" என்றார்.

அவள் எழுதினாள்.